காய வெச்ச சட்டை

முன்னாடி போறாரு பாரு, திரும்பிக்கூடப் பாக்காம. கல்யாணமான நாள்லேர்ந்து இதே கதைதான், பாண்டிச்சேரி நெல்லித்தோப்பு கோயில்ல தாலி கட்டிட்டு வாசலுக்கு வர்றதுக்குள்ள நாலு அடி முன்னாடி போயிட்டாரு, எங்க பெரியம்மா பின்னாலேர்ந்து, மாப்ள, பொண்ணை விட்டுட்டுப் போறீங்களேன்னு சத்தம் போட்டாங்க, கோயிலே சிரிச்சுது. பட்டாளத்து நடை. எழுபத்தி நாலு வயசாகியும் அந்த நடை போகல, ஆனா இப்பல்லாம் ஒவ்வொரு மரத்துக்கிட்டயும் நின்னு மஞ்சக் கோடு இருக்கான்னு பாத்துட்டுத்தான் அடுத்த அடி. அந்தக் கோடெல்லாம் இவரு போட்டது. பிரான்சுப் பட்டாளத்துலேர்ந்து வெளிய வந்தப்புறம் பிரான்சோட மேற்கு ஓரத்துல இந்த பிரெத்தாஞ் கிராமத்து ஊராட்சியில இருபத்திரண்டு வருஷம் வேலை பாத்தாரு, கோயில்லேர்ந்து ஊத்து வரைக்கும் போயி சுத்தி வர்ற இந்த ஏழு கிலோமீட்டர் பாதையில வெளியூர்க்காரங்க வழி தவறக் கூடாதுன்னு, டப்பாவும் பிரஷ்ஷுமா மரத்துக்கு மரம் கோடு போட்டாரு. இப்ப அந்தக் கோடு இவருக்கே வேண்டியிருக்கு. காலையில கார் சாவி எங்கன்னு மூணு தரம் கேட்டாரு, மூணு தரமும் சாவி அவரு கையிலதான் இருந்துது. டாக்டரம்மா ஏதோ பேர் சொன்னாங்க, ஆரம்பம்தான் மதாம், மெதுவாத்தான் போகும்னாங்க. மெதுவாப் போனாலும் போறது போறதுதானே. அதனாலதான் அடுத்த வாரம் வீட்டைக் காலி பண்ணிட்டு பாரிஸ் பக்கம் மகன் வீட்டுக்குப் போறோம், அதனாலதான் கல்லறைத் திருநாளும் அதுவுமா கடைசித் தடவையா இந்த நடை, அதனாலதான் இன்னிக்கு நான் அதை அவர்கிட்ட சொல்லியாகணும். நாப்பத்தியொரு வருஷமா சொல்லாதது. இன்னும் ஆறு மாசம் தள்ளிப் போட்டா சொல்றதுக்கு எனக்கு வாய் இருக்கும், கேக்கறதுக்கு அவரு இருக்க மாட்டாரு, எதிர்ல ஒக்காந்திருப்பாரு, ஆனா இருக்க மாட்டாரு. மன்னிக்கிறதோ காறித் துப்புறதோ, அதைச் செய்ய ஒரு ஆள் வேணும்ல. ஊத்துக்கிட்ட போனதும் சொல்லிடணும். மாதாவே, அதுக்குள்ள எனக்கு தைரியம் குடு.

கோயில் முற்றத்துலயே சொல்லியிருக்கலாம். அரை மணி நேரம் பாப்பா கல்லறைக்கிட்டதான் நின்னோம். பாசியைச் சுரண்டினேன், இவரு பூந்தொட்டியை இந்தப் பக்கம் வெச்சாரு, அந்தப் பக்கம் வெச்சாரு, மறுபடி இந்தப் பக்கம் வெச்சாரு. இவெத், ஒரு வயசு ரெண்டு மாசம்னு கல்லுல வெட்டியிருக்கு, அந்த எழுத்துல இருந்த தங்கப் பூச்செல்லாம் எப்பவோ போயிடுச்சு, விரலை வெச்சுத் தடவினாத்தான் தெரியுது. நாங்க போனப்புறம் யாரு சுரண்டுவாங்க. முற்றத்து நடுவுல அந்தப் பெரிய கற்சிலுவை, அடியில கல்லுல செதுக்கின கூட்டம், அழுவுற பொம்பளைங்க, ஈட்டி பிடிச்ச சேவகனுங்க, நானூறு வருஷத்து மழையில மூக்கெல்லாம் தேஞ்சு போயிருக்கு, யாரு அழுவுறா, யாரு வேடிக்கை பாக்கறான்னே தெரியல. ஓரத்துல எலும்பு வீடு. அந்தக் காலத்துல கல்லறையில இடம் பத்தலன்னா பழைய எலும்பைத் தோண்டியெடுத்து அந்தக் கல் வீட்டுல அடுக்கி வெப்பாங்களாம், வந்த புதுசுல பக்கத்து வீட்டு மதாம் கெர்வெல்லா காட்டுனாங்க, நான் ரெண்டு நாள் சோறு திங்கல. அப்ப எனக்கு இருபத்தியேழு வயசு, இடுப்புல பாப்பா, உள்ள போகாதே உள்ள போகாதேன்னு அவ கண்ணைப் பொத்தினேன். பாரேன், செத்தவங்க எலும்பைப் பாத்தா பயந்துக்குவான்னு அவ கண்ணைப் பொத்தினவ நான். முந்தானையால மூடி மூடித்தான் வளத்தேன். காத்து படக் கூடாது, பனி படக் கூடாது, ஈரம் படக் கூடாது. ஈரம், ஈரம், அங்கதான் வந்து நிக்கிது எப்பவும், வேற எங்கயாச்சும் போ மனசே, நடைக்கு வந்தா நடையைப் பாரு.

நடையைப் பாத்தா மட்டும் என்ன, இதோ துணி துவைக்கிற தொட்டி வந்துடுச்சு. ஓட்டுக் கூரை, நாலு பக்கமும் சாய்வுக் கல்லு, பொம்பளைங்க முட்டி போட்டு உக்காந்து துவைப்பாங்களாம். இப்ப மீனு விட்டிருக்காங்க, பக்கத்துல ஒரு பலகை, பழங்கால வாழ்க்கைன்னு. எனக்கு மதாம் கெர்வெல்லா பழக்கமானது இங்கதான். எழுபது வயசு, மரச் செருப்பு டொக்கு டொக்குன்னு சத்தம் போடும், அவங்க பேசறது பாதிக்கு மேல இந்தப் பக்கத்துப் பாஷை பிரெத்தோன், நான் பேசறது பாண்டிச்சேரி கன்னியாஸ்திரிங்க பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு, ரெண்டு பேருக்கும் அரையும் குறையுமா புரியும், அது போதும். இவரு விடிஞ்சா முகாமுக்குப் போயிடுவாரு, நாளெல்லாம் எனக்கு அவங்கதான். பாப்பா ஒதடு நீலமா இருக்கறதை முதல்ல பாத்ததும் அவங்கதான். அப்புறம்தான் ஆஸ்பத்திரி, படம் எடுத்தாங்க, இதயத்துல ஓட்டை, பெரிய ஓட்டை, பத்து கிலோ வந்தாத்தான் அறுக்க முடியும்னாங்க. ஏழு கிலோ இருந்தா. எட்டு வர மாட்டேன்னு ஒரே பிடிவாதம். அரிசியைக் குழைச்சுக் குழைச்சு ஊட்டினேன், முருங்கை இல்லாத ஊரு, பசலை மாதிரி எதையோ கடைஞ்சு ஊட்டினேன், திராசுல நிக்க வெச்சா அதே ஏழு. அதுக்கப்புறம் பிப்ரவரி, காய்ச்சல். டாக்டரும் நல்லவருதான், தினம் வீட்டுக்கு வந்தாரு, செய்ய முடிஞ்சதைச் செஞ்சாரு, ஒரு நாள் போறப்ப வாசல்ல இவரு தோள்ல கையை வெச்சாரு. அதைப் பாத்துட்டுத்தான் மதாம் கெர்வெல்லா அன்னிக்கு மத்தியானம் வந்து ஊத்தைப் பத்திச் சொன்னாங்க. காட்டுக்குள்ள புனிதர் கோயில், அதுக்குக் கீழ ஊத்து, பிள்ளை போட்டுக் கழட்டின சட்டையை எடுத்துட்டுப் போயி தண்ணி மேல விரிச்சு விடணும், மிதந்தா பிள்ளை பொழைக்கும், முழுகினா இல்ல. மிதந்த சட்டையைப் பிழியாம கொள்ளாம கொண்டாந்து, ஈரத்தோட பிள்ளைக்குப் போட்டு விடணும், அது ஒடம்புலயே காயணும், காயக் காய நோவும் போயிடும். எனக்குச் சந்தேகமே வரல. எங்க வில்லியனூர் மாதா கோயில் குளத்துத் தண்ணியைக் குடிச்சு வளந்தவ நான், எனக்கு என்ன சந்தேகம் வரும்.

மெதுவாப் போங்கன்னு சொல்லணும், சொல்ல மாட்டேன், சொன்னா நின்னுடுவாரு, நின்னா பக்கத்துல வந்துடுவேன், பக்கத்துல வந்தா சொல்லணும். ஊத்துக்கிட்டதானே சொல்றதா இருக்கோம், இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கு. இதோ ஊர்ப் பொது ரொட்டி அடுப்பு, உள்ள எட்டிப் பாத்தா சிலந்திக் கூடு. அன்னிக்கு நான் வீட்டுல பாப்பாவோட இருந்துக்கிட்டேன், இவரும் மதாம் கெர்வெல்லாவும் போனாங்க. தூறல்கூட இல்ல, வெள்ளை வெயில். ரெண்டு மணி நேரம் ஜன்னல்ல நின்னேன். வந்தாரு. அந்தம்மா உள்ள வரல, நேரா அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க, டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டுது, களைச்சுப் போயிருப்பாங்கன்னு நெனச்சேன். இவரு வாசல்ல நின்னாரு, கையில மஞ்சப் பூப்போட்ட சட்டை, சொட்டச் சொட்ட. மிதந்துச்சுன்னாரு. ஒரே வார்த்தை. நான் அவரைக் கட்டிப் பிடிச்சு அழுதேன், அழுதப்பதான் பாத்தேன், கோட்டோட வலது கை தோள் வரைக்கும் தொப்பலா நனைஞ்சிருந்துது, எங்கயாச்சும் வழுக்கி விழுந்தீங்களான்னு கேட்டேன், ஆமான்னாரு. சட்டையை என் கையில குடுத்துட்டு விறகு கொண்டாறேன்னு வெளிய போனவரு ஒரு மணி நேரம் வரல. நான் சட்டையோட பாப்பா கிட்ட உக்காந்தேன். முப்பத்தொம்போது டிகிரி காய்ச்சல். கண்ணை மூடிப் படுத்திருக்கா, மூச்சு கோழிக்குஞ்சு மாதிரி அடிக்குது. கையில ஐஸா ஒரு சட்டை. எப்படிப் போடுவேன் சொல்லு. தலைக்குக் குளிக்க வெச்சா சாம்பிராணி போட்டுக் காய வைக்கிற ஜாதி நாம, ஈரத் தலையோட தூங்கினா ஜன்னி வரும்னு சொல்லிச் சொல்லி வளத்த ஜாதி, காய்ச்சக்காரப் பிள்ளைக்கு பிப்ரவரி மாசத்துல பச்சத் தண்ணிச் சட்டையைப் போடுன்னா எந்தத் தாய்க்குக் கை வரும். மூணு தரம் அவ மாருகிட்ட கொண்டு போனேன். மூணாவது தரம் ஒரு ஓரம் வயித்துல பட்டுது, வீல்னா. அவ்வளவுதான், எழுந்து போயி அடுப்புக் கம்பியில விரிச்சுட்டேன். பத்து நிமிஷம். ஆவி பறந்துது. புனிதரோட தண்ணியெல்லாம் ஆவியாப் போச்சு. இளஞ்சூடா எடுத்துப் போட்டு விட்டேன், சிணுங்காம போட்டுக்கிட்டா, எனக்கு அவ்வளவு நிம்மதி. இவரு வந்து பாத்துட்டு ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் சொல்லல. சாயந்திரம் சேமியா பாயசம் வெச்சேன், ஊருலேர்ந்து வந்த ஏலக்காயில கடைசி நாலு இருந்துது, நாலையும் தட்டிப் போட்டேன், பிள்ளை பொழைச்சுட்டான்னு. இவரு ரெண்டு டம்ளர் குடிச்சாரு. மறுநாள்லேர்ந்து முகாமுக்கு லீவு போட்டுட்டு பாப்பாவை மடியை விட்டு எறக்கவே இல்ல, எப்பப் பாத்தாலும் பாட்டு, பல்லவி தெரியாத பாட்டெல்லாம், நான் கத்துவேன், கொணமாகப் போற பிள்ளையை இப்படித் தூக்கி வெச்சுக் கெடுக்காதீங்க, நாளைக்கு யாரு மாரடிக்கிறதுன்னு. ஒம்பதாம் நாள் காலையில அந்த மடியிலயே போயிட்டா.

போயிட்டா. எத்தனை தரம் நடந்தாலும் மனசு இந்த எடத்துக்கு வந்ததும் தடுக்கி விழுது. மிதந்துச்சே. மிதந்த சட்டையாச்சே. அவ பொழைக்க வேண்டியவ. புனிதர் குடுத்தாரு, நான் அடுப்புல காய வெச்சு ஓட்டிட்டேன். லீவுல ஊருக்குப் போனப்ப சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன், அது பாவமே இல்ல அம்மா, அதெல்லாம் மூட நம்பிக்கை, இதய நோய்க்கும் சட்டைக்கும் என்ன சம்பந்தம்னாரு. பாவமில்லன்னா மன்னிப்பும் கெடையாதுல்ல. வெறுங்கையோட அனுப்பிட்டாரு. எனக்கும் தெரியும், படிச்சவதான் நான், ஓட்டை இதயத்தைச் சட்டை அடைக்காது. பகல்ல தெரியும். வாய்க்குத் தெரியும். அடுப்புக்கிட்ட போனா தெரியாது. அதுக்கப்புறம் மகன் பொறந்தான், இந்த வீட்டுல இன்னி வரைக்கும் ஒரு கைக்குட்டை அடுப்புப் பக்கம் காய்ஞ்சதில்ல, மழைக்காலத்துல மூணு நாள் ஈர நாத்தம் அடிச்சாலும் கொடியிலதான். மருமக கேட்டா, ஏன் அத்தே உலர்த்துற மிஷின் வாங்கிக்கலன்னு. கரண்ட் செலவுன்னேன். இவரு அன்னிக்குப் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தாரு, நிமிரல. தெரிஞ்சிருக்குமோ. தெரிஞ்சுதான் நாப்பத்தியொரு வருஷமா முன்னாடியே நடக்கிறாரோ, என் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்காம. சேச்சே, கல்யாணத்தன்னிக்கே அப்படித்தானே நடந்தாரு. அந்த நெட்டைக் கல்லைத் தாண்டியாச்சு, கிறிஸ்துவுக்கு முந்தியே நட்ட கல்லாம், உச்சியில சிலுவையைச் செதுக்கி ஞானஸ்நானம் குடுத்து வெச்சிருக்காங்க. இனி காடுதான். இலையெல்லாம் நனைஞ்சு வழுக்குது.

புனிதர் கோயில் பூட்டியிருக்கு. வருஷா வருஷம் நான் இதோட சரி, இந்தக் கோயில் படியில உக்காந்துக்குவேன், முட்டி வலின்னு சொல்லுவேன், இவரு மட்டும் கீழ எறங்கி ஊத்தைப் பாத்துட்டு வருவாரு. ஊத்தை நான் கண்ணால பாத்ததில்ல. இன்னிக்கு, நானும் வரேங்கன்னேன். திரும்பிப் பாத்தாரு. நடையிலேயே முதல் தரமா திரும்பினாரு. முட்டி என்னாச்சுன்னாரு, இருக்கட்டும்னேன். கையை நீட்டினாரு. பதினெட்டு படி, ஒரே வழுக்கல், புடிச்சுக்கிட்டு எறக்கி விட்டாரு. கீழ ஒரு கல் மாடம், உள்ள தலை ஒடைஞ்ச புனிதர், காலடியில சதுரமா ஒரு தொட்டி, கறுப்புத் தண்ணி, மேல ரெண்டு மூணு இலை. இவ்வளவுதானா. இவ்வளவு சின்னதா. பக்கத்துல புதுசா ஒரு பலகை நட்டிருக்காங்க. முற்காலத்துல தாய்மார்கள் நோயுற்ற குழந்தைகளின் சட்டையை இத்தண்ணீரில் இட்டு, ஈரத்தோடு அணிவிப்பார்கள், நூறாண்டுகளுக்கு முன் இவ்வழக்கம் மறைந்ததுன்னு. நூறாண்டாம். எழுதினவனைக் கூப்பிட்டு நிக்க வெச்சு, இதோ நான்தாண்டா முற்காலம்னு சொல்லணும்போல இருந்துது. ஈரத்தோடு அணிவிப்பார்கள். பலகையிலயே போட்டுட்டான், ஊருக்கே தெரியுற மாதிரி. சொல்லு செலின். சொல்லித் தொலை.

"அன்னிக்கு நான் அந்தச் சட்டையைக் காய வெச்சுத்தாங்க அவளுக்குப் போட்டேன்."

எந்தச் சட்டைன்னாரு. எனக்கு உயிரே போச்சு. லேட்டாயிடுச்சு, ஆறு மாசம் முன்னாடி சொல்லியிருக்கணும், போச்சு, எல்லாம் போச்சு, இனிமே சொல்றதுக்கு உலகத்துல ஆளே கெடையாதுன்னு அப்படியே நின்னேன். இவரு தண்ணியைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஒரு இலை சுத்திச் சுத்தி வந்து ஓரத்துல ஒட்டுச்சு. அப்புறம், மஞ்சப் பூப்போட்டதான்னாரு. ஆமான்னு தலையை ஆட்டினேன், கண்ணு மூக்கெல்லாம் ஒழுகுது, ஈரமா இருந்துதுங்க, அவளுக்குக் காய்ச்சல் இருந்துதுங்க, அடுப்புல போட்டுட்டேங்கன்னு என்னென்னவோ உளறினேன். இவரு என் பக்கம் திரும்பல.

"அது மிதக்கல, செலின். போட்டதும் முழுகிடுச்சு. நான்தான் மிதந்துச்சுன்னு சொன்னேன்."

சொல்லிட்டு, வா போலாம் இருட்டிக்கும்னு படியேற ஆரம்பிச்சுட்டாரு. மணி மூணுகூட ஆகல. நான் அங்கயே நின்னேன். பொய். இப்பத்தான் கட்டுன பொய், நான் அழுவறதைப் பாத்துட்டு. எனக்குத் தெரியாதா இவரை, அரிசி தீஞ்சு போனா இன்னிக்கு வாசனையா இருக்கேன்னு சொல்ற மனுஷன். எங்கம்மா செத்த தந்தியை, நான் மகனைப் பெத்து மூணு நாள் கழிச்சு எழுந்து நடந்தப்புறம்தான் காட்டினாரு, அது வரைக்கும் சட்டைப் பையிலயே வெச்சுக்கிட்டு என்கிட்ட சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தாரு. பொய் இல்லன்னா மறதி. மூணு தரம் சாவியைத் தேடின மனுஷனுக்கு நாப்பத்தியொரு வருஷத்துக்கு முன்னாடி முழுகினது என்ன, மிதந்தது என்ன. அந்தம்மாவைக் கேக்கலாம்னா அவங்களும் போயி முப்பது வருஷம் ஆச்சு. ஆக எனக்கு இதுவும் இல்ல, சாமியார்கிட்டேர்ந்து வந்த மாதிரியே வெறுங்கையோடதான் போகணும்னு நெனச்சுக்கிட்டு, மூஞ்சியாவது கழுவிக்கலாம்னு குனிஞ்சேன். கல்லு மேல முட்டி போட்டேன். தண்ணியில கையை விட்டேன். அடி எங்கன்னு பாக்கத்தான் விட்டேனோ என்னவோ. மணிக்கட்டு முழுகிச்சு, சில்லுனு இருந்துது. முழங்கை முழுகிச்சு. இன்னும் அடி தட்டுப்படல. ஸ்வெட்டர் கையெல்லாம் நனைஞ்சு கனக்குது, கன்னம் தண்ணியைத் தொடுற மாதிரி சாஞ்சேன், தோள் வரைக்கும் உள்ள போச்சு, அப்பத்தான் நடுவிரல் நுனியில மணல் பட்டுது.

வலது கை. தோள் வரைக்கும். மிதக்கிற சட்டையை எடுக்க ரெண்டு விரல் போதுமே.

மேல இவரு நின்னுக்கிட்டு மரத்துல கோட்டைத் தேடறாரு, கோடு தலைக்கு நேர மேல இருக்கு, இவரு பக்கத்து மரத்தைப் பாக்கறாரு. தெரிஞ்சிருந்துது. அந்த ஒம்பது நாளும் இவருக்குத் தெரிஞ்சிருந்துது. விறகெடுக்கப் போன ஒரு மணி நேரம் எங்க நின்னு அழுதாரோ. மடியை விட்டு எறக்காதது அதனாலதான், பாட்டு அதனாலதான், நான் கெடுக்காதீங்கன்னு கத்தினப்பல்லாம் சரி சரின்னு கேட்டுக்கிட்டது அதனாலதான். என் கஷ்டம் என் கஷ்டம்னு நாப்பத்தியொரு வருஷம் நான் அடுப்பையே பாத்துக்கிட்டிருந்தேன், பக்கத்துல நனைஞ்ச கையோட ஒருத்தர் நின்னதைப் பாக்கல. அன்னிக்குச் சாயந்திரம், பிள்ளை பொழைச்சுட்டான்னு சிரிச்சுக்கிட்டே நான் பாயசத்தைக் கொண்டு போயி குடுத்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு முழுசாக் குடிச்சாரு. குடிச்சுட்டு, நல்லாருக்கு செலின், இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு டம்ளரை நீட்டினாரு.